பெயர் பெரிதா, பாடம் பெரிதா?

க. பொ. த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகும் காலத்தில் எமது மேசையிற் கடிதங்கள் குவிவது வழக்கம். சித்தியெய்தியோர் தம் மகிழ்ச்சியை எழுதுவர். தவறியோர் தம் துயரை எழுதுவர். இவ்விரு திறத்தாருக்கும் இடையே வேறொரு கூட்டமும் உண்டு. போதிய புள்ளி பெற்றும், எங்கே போவது, எதைப் படிப்பது என்று தெளியாது தவிப்போர் அவர்கள். பரீட்சைக்குப் படித்த காலத்திற் பட்ட பாட்டினும் பெறுபேறு வந்தபின் வீட்டிற் படும் பாடே பெரிது என்று அவர்களுட் பலர் எழுதுகின்றனர்.

இம்முறை வந்த கடிதங்களுள் இரண்டு எம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. இரண்டும் வலிகாமத்து ஊரொன்றிலிருந்து, அதிலும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை. ஒன்றைத் தந்தையார் எழுதியிருந்தார். மற்றதை மகள் எழுதியிருந்தாள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது போலும். இவ்வாரம் இருவருக்கும் தெரிந்துவிடும். அதனாற் குடி முழுகிப் போகாது என்றே நம்புகின்றோம்.

தந்தையார் எழுதுகிறார்: "ஐயா, என் மகள் உயிரியற் பிரிவிற் பரீட்சை எழுதினாள். மருத்துவத்துக்குப் புள்ளி காணாது. ஆனாற் கொழும்புப் பல்கலைக் கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம் கிடைக்கும் என்று படிப்பித்த ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அவளோ கிளிநொச்சியில் விவசாயம் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். நாங்கள் தோட்டஞ் செய்து பட்டது போதாதா? கொழும்புப் பட்டம் என்றால் நாலு பேர் மதிப்பார்கள். நீங்கள் எடுத்துச் சொன்னாற் கேட்பாள்."

மகளின் கடிதம் இது: "ஐயா, அப்பாவை எதிர்த்துப் பேச எனக்கு மனமில்லை. எங்கள் அப்பப்பா வெங்காயத் தோட்டத்துக்கு இறைத்த கிணற்றிலேதான் நாங்கள் குடிக்கவும் அள்ளினோம். அந்தத் தண்ணீரைப் பரிசோதித்தவர்கள் நைத்திரேற்றுக் கூடிவிட்டது, கைக்குழந்தைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் மண்ணையும் தண்ணீரையும் பற்றிப் படிக்க வேண்டும் என்பதே என் எண்ணம். கொழும்பு என்ற பெயருக்காக வேறொன்றைப் படிக்கத்தான் வேண்டுமா?"

இருவர் கடிதத்திலும் அன்பு உண்டு. இருவர் பக்கத்திலும் நியாயமும் உண்டு. ஆதலின் ஒருவருக்குச் சார்பாக உடனே தீர்ப்புக் கூறிவிட்டு ஒதுங்குதல் தகாது. இது ஒரு வீட்டின் வழக்கும் அன்று. மொறட்டுவையா யாழ்ப்பாணமா, பேராதனையா வவுனியாவா என்று ஊர்ப் பெயர்களை மாற்றிவிட்டால், இலங்கைத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் இந்நாள்களில் நடைபெறும் வழக்கும் இதுவேயாம்.

பெயருக்கு வந்த மதிப்பு

பல்கலைக் கழகத்தின் பெயருக்கு எம்மவர் கொடுக்கும் மதிப்பு வெறும் பகட்டு என்று கூறுதல் பிழை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1921ஆம் ஆண்டிற் கொழும்பிலே பல்கலைக் கழகக் கல்லூரி தொடங்கிய காலத்தில், அங்கு பயின்றோர் இலண்டன் பல்கலைக் கழகத்தின் பரீட்சைகளையே எழுதினர். கப்பலேறாமலே இலண்டன் பட்டதாரியாகலாம் என்ற நிலைமை அது. வீட்டு வாசலிலே தொங்கிய பலகையிற் பெயரையடுத்துப் பி. ஏ. என்று எழுதி, அதன் பக்கத்தில் இலண்டன் என்று அடைப்புக் குறிக்குள் எழுதாதவர் அரியர். பட்டத்தைவிட அடைப்புக் குறிக்குள் இருந்த ஊரே முதலிற் கண்ணிற் பட்டது!

1942இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றிற்று. 1952இல் அது பேராதனையிற் குடிபுகுந்தது. அக்காலத்தில் நாடு முழுவதற்கும் பல்கலைக் கழகம் ஒன்றே. அதனுள்ளே புகுதல் ஊசிக் காதினுள் நூல் புகுதலை ஒத்தது. 1970களின் தொடக்கத்திற் தரப்படுத்தல் வந்த பின்னர், தமிழ் மாணவருக்கு அவ்வாயில் மேலும் ஒடுங்கிற்று. கல்வியொன்றையே முதலாகக் கொண்டு உத்தியோகம் தேடிய குடும்பங்களுக்கு அக்காலம் ஏற்படுத்திய காயம் எளிதில் ஆறுவதன்று. அரிதிற் கிடைப்பது பெரிதாக மதிக்கப்படுவது உலக இயற்கை. பிள்ளைக்குக் கிடைத்த இடம் பிள்ளையின் இடமாக மாத்திரம் இருக்கவில்லை, குடும்பத்தின் கௌரவமாயிற்று, கலியாணப் பேச்சிலும் ஏறிற்று.

இன்று நிலைமை வேறு. 1974இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளிலே அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று. மட்டக்களப்பிலே 1981இற் தொடங்கிய கல்லூரி 1986இற் கிழக்குப் பல்கலைக் கழகமாக உயர்ந்தது. 1990களில் ஒலுவிலிலே தென்கிழக்குப் பல்கலைக் கழகம் வந்தது. வவுனியா வளாகம் 2021இற் தனிப் பல்கலைக் கழகமாயிற்று. வாயில்கள் பலவாகிவிட்டன. ஆயினும் வாயில் ஒன்றாயிருந்த காலத்துப் பழைய வரிசை எம் மனத்தைவிட்டு இன்னும் அகலவில்லை. முதலிற் கொழும்பு அல்லது பேராதனை, மற்றவை எல்லாம் பின்னர் என்பதே அவ்வரிசை. எந்தப் பாடத்துக்கு என்று கேட்பதற்கு முன்னரே அவ்வரிசை எழுதப்பட்டுவிடுகின்றது.

வெட்டுப்புள்ளி எதனை அளக்கின்றது?

தந்தையார் வெளிப்படையாக எழுதாத, ஆனால் மற்றும் பலர் எழுதிய, ஒரு கவலையும் உண்டு. "இவ்வளவு புள்ளி எடுத்துவிட்டு, குறைந்த புள்ளிக்குக் கிடைக்கும் பாடத்துக்குப் போனாற் புள்ளி வீணாகிவிடுமே!" என்பதே அது. கையிலிருக்கும் காசு முழுவதையும் சந்தையிற் செலவழித்துவிட வேண்டும் என்று எண்ணுவாரைப் போன்றவர் இவர். மிச்சக் காசு கையில் வராத சந்தையாயினும், வேண்டாத பொருளை விலை கூடியது என்பதற்காக வாங்கி வருவார் உண்டோ?

வெட்டுப்புள்ளி என்பது யாது என்பதை ஆராய்ந்தால் இக்கவலை தீரும். ஒரு பாடத்திற் பரீட்சை எழுதிய எல்லோரும் பெற்ற சராசரியிலிருந்து ஒரு மாணவர் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கின்றார் என்பதை, அப்பாடத்திற் புள்ளிகள் பரந்து கிடக்கும் அளவினாலே வகுத்துக் காண்பது இசட் புள்ளி. கடினமான வினாத்தாளை எழுதியவரையும் இலகுவான வினாத்தாளை எழுதியவரையும் ஒரே தராசில் நிறுப்பதற்காக இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த முறை இது. ஒரு பாடநெறிக்குக் கடைசியாகத் தெரிவானவர் பெற்றிருந்த இசட் புள்ளியே அப்பாடநெறியின் வெட்டுப்புள்ளி. ஆகவே, அப்பாடநெறியை எத்தனை பேர் விரும்பினர், அங்கே எத்தனை இடங்கள் இருந்தன என்ற இரண்டையுமே அது காட்டுகின்றது. கற்பிக்கும் முறையையோ, ஆய்வுகூடத்தையோ, கற்று முடிந்தபின் கிடைக்கும் பயனையோ அது அளப்பதில்லை. கடையின் முன்னே நிற்கும் வரிசையின் நீளத்தை அளந்துவிட்டு, உள்ளேயிருக்கும் அரிசியின் தரத்தை அளந்துவிட்டோம் என்று கூறலாமா?

இன்னுமொன்று. விஞ்ஞானத் துறைப் பாடநெறிகள் பெரும்பாலானவற்றிற் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு மேலதிகமாகவும் பங்கிடப்படுதல் நெடுங்கால நடைமுறை. இதனால் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் அமரப்போகும் இருவருள், கொழும்பு மாவட்டத்தவருக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் முல்லைத்தீவு மாவட்டத்தவருக்கு வேறொரு வெட்டுப்புள்ளியும் இருக்கும். வெட்டுப்புள்ளியே தரத்தின் அளவு என்று கொண்டால், அவ்வகுப்பு ஒருவருக்கு உயர்ந்தது, மற்றவருக்குத் தாழ்ந்தது என்றன்றோ கூறவேண்டி வரும்!

பெயரைப் பிரித்துப் பார்ப்போம்

அப்படியாயின், பல்கலைக் கழகத்தின் பெயரை முற்றாக மறந்துவிடலாமா? கூடாது. பெயரைத் தூக்கி எறிவதற்கு முன்னர் அதனைப் பிரித்து உள்ளே இருப்பவற்றைப் பார்த்தல் வேண்டும். நல்ல பெயரின் உள்ளே மூன்று பொருள்கள் இருக்கக்கூடும்: ஆசிரியர், சாதனங்கள், கூட்டாளிகள். நான்காவதாக வாசற் பலகையும் உண்டு. முதல் மூன்றையும் நிறுத்துப் பார்க்கலாம். நான்காவதை நிறுக்கத் தராசு வேண்டியதில்லை.

முதலில் ஆசிரியர். பேராதனையிற் கற்று, தினகரன் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, மேற்படிப்புக்கு இங்கிலாந்திலே பேர்மிங்காம் நகருக்குச் சென்றார். பின்னர் கா. சிவத்தம்பியும் அங்கேயே சென்றார். பேர்மிங்காம் இரும்பும் ஆலையும் நிறைந்த தொழில் நகரம். ஒக்ஸ்போட், கேம்பிறிட்ஜ் என்ற பெயர்களைக் கேட்டு வளர்ந்த எம்மவருக்கு அது அவ்வளவு பெரிய பெயரன்று. ஆனாற் கிரேக்கக் காவியத்தையும் நாடகத்தையும் அவை தோன்றிய சமுதாயத்தோடு இயைத்து ஆராய்ந்த பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சன் அங்கேயே கற்பித்தார். கைலாசபதி தமிழ் வீரயுகப் பாடல்களைக் கிரேக்கப் பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சி 1968இல் நூலாக வெளிவந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமுதாயத்தின் நாடகத்தை ஆராய்ந்தார். அவ்விரு பொருளுக்கும் அவ்வாசிரியரினும் பொருத்தமான ஒருவரைக் காணுதல் அரிது. நூலைப் பதிப்பித்தது ஒக்ஸ்போட் பல்கலைக் கழக அச்சகம் என்பதையும் இங்கே குறிப்பிடுதல் தகும். பெரிய பெயர் பின்னால் வந்து சேர்ந்தது!

தனிநாயகம் அடிகளாரும் இவ்வழியே சென்றவர். உரோமாபுரியிலே சமயக் கல்வியில் உயர்பட்டம் பெற்றவர் அவர். அப்பெயருடன் நிறைவடைந்திருக்கலாம். ஆனாற் தமிழைத் துறைபோகக் கற்க வேண்டும் என்ற ஆர்வம் எழுந்தபோது, 1940களிற் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக் கழகத்துக்கு மாணவராகச் சென்றார். தமிழாராய்ச்சியை உலக அரங்குக்குக் கொண்டு சென்ற அவரது பிற்காலப் பணிக்கு அதுவே அத்திவாரமாயிற்று.

இரண்டாவது சாதனங்கள். கால்நடை மருத்துவம் கற்பதாயிற் பேராதனைக்கே போதல் வேண்டும். நில அளவை விஞ்ஞானம் கற்க விரும்புவோருக்குச் சப்பிரகமுவாப் பல்கலைக் கழகத்திலே தனிப் பீடம் உண்டு. பரதமும் இசையும் பயில விரும்புவோருக்கு யாழ்ப்பாணத்து இராமநாதன் நுண்கலைக் கல்வியிடமும், மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் பெயரிலமைந்த நிறுவகமும் இருக்கின்றன. எந்த ஊரிலே எந்தப் பாடத்துக்குரிய சாதனம் இருக்கின்றதோ, அந்தப் பாடத்துக்கு அந்த ஊரே தலைநகரம் என்று கொள்க.

மூன்றாவது கூட்டாளிகள். இதனை எம்மவர் பெரிதாக எண்ணுவதில்லை. பல்கலைக் கழகத்திற் கற்பதிற் பாதி வகுப்பறைக்கு வெளியே கற்பது. ஊரைவிட்டு நீங்கி, வேறு மொழி பேசுவோருடனும் வேறு சமயத்தாருடனும் ஒரே விடுதியில் வாழ்ந்து, மூன்று நான்கு ஆண்டுகளைக் கழித்தவர் பெறும் விரிவு தனியானது. "கொழும்புக்குப் போனால் உலகம் தெரியும்" என்று தந்தையார் கருதுவாராயின், அது மதிக்க வேண்டிய கருத்து. ஆனால் இன்று கிளிநொச்சியிலும் தென்னிலங்கை மாணவர் பலர் பயில்கின்றனர் என்பதையும் அவர் அறிதல் வேண்டும்.

இம்மூன்றும் ஓரிடத்தில் அமைந்திருந்தால் அவ்விடத்தின் பெயர் உண்மையான பெயர். அதனை நாடிச் செல்லுதல் அறிவுடைமை. பிள்ளை விரும்பும் பாடத்தில் இம்மூன்றும் இல்லாது, வேறு பாடங்களிற் பெற்ற புகழ் மாத்திரம் இருக்குமாயின், அது அயல் வீட்டாரின் நகையை இரவல் வாங்கி அணிவது போலாம்.

பாடத்துக்கும் பெயர் உண்டு

மகளுக்கும் சில கூறவேண்டியிருக்கின்றது. பல்கலைக் கழகத்தின் பெயர் மயக்குவது போலவே பாடத்தின் பெயரும் மயக்கும். விவசாயம் என்ற சொல்லைக் கேட்டதும் பச்சைப் பயிரும் அப்பப்பாவின் கிணறும் நினைவுக்கு வரும். பீடத்தினுள்ளே சென்றாலோ மண் பௌதிகம், இரசாயனம், புள்ளிவிபரவியல், பொருளியல், பூச்சியியல் என்று நான்கு ஆண்டுகள் நிறைந்திருக்கும். அவையும் ஆங்கிலத்திலேயே நடைபெறும். செடி வளர்க்கும் ஆசை வேறு. செடி ஏன் வளரவில்லை என்பதைக் கணக்கிட்டுக் கண்டுபிடிக்கும் பொறுமை வேறு. இரண்டாவது தன்னிடம் உண்டா என்பதை அவள் தன்னைத் தானே கேட்டுப் பார்த்தல் நன்று.

பெயர்கள் இடத்துக்கிடம் வேறுபடுவதும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் விவசாயம் என்று அழைக்கப்படுவதை ஒத்த படிப்பு, பேராதனையிலே விவசாயத் தொழில்நுட்பமும் முகாமைத்துவமும் என்ற பெயரில் இருக்கின்றது. பெயரைப் பாராது பாடங்களின் அட்டவணையைப் பார்த்தல் வேண்டும்.

மற்ற மாணவரும் இதனைக் கவனிப்பாராக. பொறியியல் கிடைத்தது என்றால் தான் விரும்பிய குடிசார் பொறியியலோ கணினிப் பொறியியலோ கிடைத்துவிட்டது என்று பொருளன்று. பெரிய பொறியியற் பீடங்களிற் தொடக்கப் பகுதி எல்லோருக்கும் பொது. அதில் ஒருவர் பெறும் பெறுபேற்றைப் பொறுத்தே துறை பிரிக்கப்படும். விஞ்ஞான பீடத்திலும் கலைப் பீடத்திலும் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவாவது அவ்வாறே. வாசலைக் கடந்தபின் இன்னொரு வாசல் உண்டு என்பதை முன்னரே அறிந்து செல்பவர், பின்னர் ஏமாற்றமடையார்.

கற்ற பொருள் எங்கே சென்று பயன்படும் என்பதை யாரும் முன்கூட்டி முற்றாக அறிய முடியாது. சுவாமி விபுலாநந்தர் 1916ஆம் ஆண்டிற் கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். பின்னர் பாடசாலையிற் கற்பித்துக்கொண்டே இலண்டன் விஞ்ஞானப் பட்டத்துக்குப் படித்து 1920இல் அதனையும் பெற்றார். தொழில்நுட்பக் கல்லூரி என்றால் ஊரார் திரும்பிப் பார்க்கும் பெயரன்று. ஆனால் 1947இல் யாழ்நூல் வெளிவந்தபோது, மறைந்து போன பண்டை யாழின் நரம்புகளைக் கணக்கிட்டு மீட்டெடுத்தது தமிழறிவு மாத்திரமன்று. அன்று கற்ற கணிதமும் பௌதிகமுமே உடன் நின்று உதவின. விரும்பிக் கற்றது எதுவும் வீணாவதில்லை என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

மண்ணைப் படிப்பது இழிவா?

தந்தையாரின் கடிதத்தில் எம் நெஞ்சைத் தொட்ட வசனம் ஒன்று உண்டு. "நாங்கள் தோட்டஞ் செய்து பட்டது போதாதா?" என்பதே அது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பர். அதிகாலையில் எழுந்து இறைத்து, விளைந்த வெங்காயத்தை விலையின்றி விற்று, உரக் கடனுக்கு நகையை அடைவு வைத்த ஒருவர் தம் பிள்ளைக்கும் அந்த வாழ்வா என்று அஞ்சுவது இயற்கை. அவரை நாம் குறை கூறோம்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கும்படி வேண்டுகின்றோம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் பாயும் ஆறு இல்லை. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலே தேங்கும் மழை நீரே எமது கிணறுகளின் முதல். மேலே இட்ட உரமும் மலக்குழிகளின் கழிவும் அப்பாறையின் வழியே எளிதிற் கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமை மேவலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. வலிகாமத்தின் செறிந்த தோட்டப் பகுதிகளிலே பல கிணறுகள் அவ்வரையறையைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. எவ்வளவு உரம் போதும், எப்போது இறைக்க வேண்டும், எப்பயிரை மாற்ற வேண்டும் என்பதைக் கண்டு கூறுவதற்கு ஆள் வேண்டாமா? அந்த ஆள் அதே கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த ஒருத்தியாயின் எத்துணை நன்று!

தோட்டஞ் செய்வதும் விவசாயம் படிப்பதும் ஒன்றல்ல என்பதற்கு நெல்லிலும் சான்று உண்டு. 1950களின் பிற்பகுதியில் எச் 4 என்ற புதிய நெல்லினம் இலங்கை வயல்களுக்கு வந்தது. விளைச்சலைப் பெரிதும் கூட்டிற்று. அதன் பெற்றோருள் ஒன்று இந்தோனேசிய இனம். மற்றது இந்நாட்டு முருங்கைக்காயன். எமது பாட்டன்மார் பெயர் சூட்டி விதைத்த நெல்லினத்தை அறிந்து, எதனோடு எதனைக் கலப்பது என்று கண்டவர்கள் படித்த விவசாயிகள். பத்தலகொடையில் நெல்லையும், தலவாக்கலையிற் தேயிலையையும், லுணுவிலையிற் தென்னையையும் ஆராயும் நிலையங்கள் இன்றும் இயங்குகின்றன.

தொழில் கிடைக்குமா என்று தந்தையார் கேட்பார். கொழும்புப் பட்டமோ கிளிநொச்சிப் பட்டமோ, நாளை காலையே நியமனக் கடிதத்தைக் கொண்டு வரும் என்று எவரும் உறுதி கூற முடியாது. விரும்பிப் படித்தவர் நல்ல தரத்திற் சித்தியடைய வாய்ப்புக் கூடும். நேர்முகப் பரீட்சையில் ஊரின் பெயரைக் கேட்ட பின்னர் அடுத்த வினா பாடத்திலிருந்தே வரும். அங்கே பல்கலைக் கழகம் பதில் சொல்லாது. பிள்ளையே சொல்ல வேண்டும்.

வரிசையை எழுதும் முறை

இனி விண்ணப்பத்துக்கு வருவோம். பல்கலைக் கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்திலே ஒவ்வொரு பல்கலைக் கழகத்தின் ஒவ்வொரு பாடநெறிக்கும் தனிக் குறியீடு உண்டு. அவற்றை விருப்ப வரிசைப்படி எழுதுதல் வேண்டும். தெரிவு நடைபெறும்போது, மாணவர் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழாகப் பார்த்து, அவருடைய புள்ளிக்கு முதலிற் கிடைக்கக்கூடியது வழங்கப்படும். அதற்குக் கீழே எழுதியவை பின்னர் கவனிக்கப்படமாட்டா. மேலே கிடைக்காத ஒன்றை எழுதியதனாற் கீழேயுள்ளதை இழக்கவும் மாட்டார். ஆகவே இதிலே தந்திரத்துக்கு இடமில்லை. சென்ற ஆண்டின் வெட்டுப்புள்ளிகளை ஏணி போல அடுக்கி, அந்த ஒழுங்கிலே வரிசையை எழுதுவோர், தம் விருப்பத்தை எழுதவில்லை. முன்னாண்டு மாணவரின் விருப்பத்தையே பார்த்து எழுதுகின்றனர்.

முதலிற் பாடத்தைத் தீர்மானித்து, அப்பாடத்தினுள்ளே பல்கலைக் கழகங்களை வரிசைப்படுத்துதலே எமக்குச் சரியாகத் தோன்றுகின்றது. இம்மகள் பேராதனை விவசாயத்தை முதலில் எழுதலாம். விவசாயத் திணைக்களமும் கன்னொறுவை ஆராய்ச்சி நிலையங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. தந்தையார் விரும்பும் பெயரும் உண்டு. அடுத்து யாழ்ப்பாணப் பல்கலைக் கழகத்தின் கிளிநொச்சி விவசாய பீடத்தை எழுதலாம். கொழும்பின் உயிரியல் விஞ்ஞானம் அதன் கீழே வரட்டும். பேராதனை கிடைத்தால் இருவருக்கும் மகிழ்ச்சி. கிடைக்காவிடிற் கிளிநொச்சியே கொழும்புக்கு முன்னிற்க வேண்டும் என்பது எமது கருத்து. ஏன் என்று அவளால் ஒரு காரணம் கூற முடிகின்றது; அக்காரணம் அவளுடைய சொந்தக் காரணம். அதற்கு முன்னர் ஒரு நாள் தந்தையும் மகளும் ஒன்றாகக் கிளிநொச்சிக்குச் சென்று, இறுதி ஆண்டு மாணவர் இருவர் மூவரோடு உரையாடி வருவாராக. ஒரு நாட் பேருந்துச் செலவு, நாற்பது ஆண்டுச் சந்தேகத்தைத் தீர்க்கக்கூடும்.

காரணம் கூற முடியாத மாணவரும் உண்டு. "எதைப் படிப்பது என்று எனக்கே தெரியவில்லை" என்பார் குற்றவாளியல்லர். பதினெட்டு, பத்தொன்பது வயதில் அது இயல்பே. அத்தகையோர் பல பாடங்களைத் தொட்டுப் பார்க்க இடந்தரும் பொதுவான பாடநெறியையும், நல்ல நூலகமும் பல துறைகளும் உள்ள பெரிய பல்கலைக் கழகத்தையும் நாடுதல் நன்று. அவருக்குப் பெயர் பயன்படும். ஒரே பாடநெறி ஒரே தரத்திற் பல இடங்களில் இருக்குமாயினும், பெயரும் தூரமும் செலவும் வரிசையைத் தீர்மானிக்கலாம். காணியை விற்று வெளிநாட்டுப் பெயருள்ள பட்டத்தை வாங்க எண்ணுவோர், அப்பட்டம் இந்நாட்டில் அங்கீகாரம் பெற்றதா என்பதைக் காணி உறுதியிற் கையெழுத்திடுமுன் விசாரிப்பாராக.

இறுதியாக, அயலவருக்கும் உறவினருக்கும் ஒரு வார்த்தை. பெறுபேறு வந்த வீட்டுக்குள் நுழைந்ததும் "எந்தக் கம்பஸ் கிடைக்கும்?" என்று கேட்பது எம்மவர் வழக்கமாகிவிட்டது. தாய் தந்தையரை அலைக்கழிப்பது பல வேளைகளில் இந்த வினாவே. பிள்ளையின் விருப்பத்தை மறுக்கும் பெற்றோரிற் பலர், நாளை வாசலில் வந்து நிற்கப்போகும் உங்களுக்கு என்ன மறுமொழி சொல்வது என்று அஞ்சியே மறுக்கின்றனர். அடுத்த முறை போகும்போது, "என்ன படிக்கப் போகிறாய், பிள்ளை? அதில் உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவ்வினாவுக்குப் பிள்ளை முகம் மலர்ந்து விடையிறுக்குமாயின், அவ்வீட்டார் தெரிவு நல்ல தெரிவு என்று நம்பி, தேநீரைக் குடித்துவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பலாம்.